மாமா கொடுத்த 42 சைஸ் சட்டைகளை 38-க்குக் குறைக்க முடியுமா? தோள்தான் பிரச்சினை

கோவை_புதுவரவு:

எல்லோருக்கும் வணக்கம். தையல் பகுதியில் இது என் முதல் பதிவு.

என் தாய்மாமா சமீபத்தில் ஓய்வு பெற்றார். இனி வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போதும் என்று சொல்லி, அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த முழுக்கைச் சட்டைகளில் நல்லதாக ஆறு எடுத்து இஸ்திரி போட்டு என்னிடம் கொடுத்தார். நான் இப்போதுதான் கோவையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மூன்று காட்டன், இரண்டு லினன், ஒன்று பட்டைக்கோடு போட்டது. துணி ஒவ்வொன்றும் அருமையாக இருக்கிறது. இந்தத் தரத்தில் ஆறு சட்டை வாங்க என் சம்பளத்தில் இப்போதைக்கு வழியில்லை. அதோடு மாமா ஆசையாகக் கொடுத்தது, பீரோவில் மடித்து வைத்துவிட மனம் வரவில்லை.

பட்டைக்கோடு போட்டது மட்டும் 44, மற்ற ஐந்தும் 42. நான் போடுவது 38.

வெள்ளைக் காட்டன் ஒன்றை மட்டும் ஓர் ஆல்டரேஷன் கடையில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிடித்து, கை நீளத்தையும் ஒன்றரை இன்ச் குறைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடி முன்னால் நேராக நின்றால் பரவாயில்லை. ஆனால் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் பேண்ட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு மேலே வருகிறது, அக்குளில் வெட்டுகிற மாதிரி இழுக்கிறது. தோள் தையலோ இன்னும் புஜத்தின் மேல் தொங்குகிறது. உள்ளே திருப்பிப் பார்த்தால் அதிகத் துணியை வெட்டி ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றி அடிக்கிற தையல்) அடித்துவிட்டிருக்கிறார்கள்.

அளவுகள் (டேப்பில் எடுத்தது): என் மார்பு 37½, தோள் 17½. இன்னும் ஆல்டரேஷன் செய்யாத 42 சட்டையின் மார்புச் சுற்று 47, தோள் 19½. கை ஒன்றரை இன்ச் நீளம்.

வீட்டில் அம்மாவின் கால் மெஷின் இருக்கிறது. நேர்த்தையல் நன்றாக வரும், தலையணை உறை எல்லாம் தைத்திருக்கிறேன். நேரம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, பொறுமையாகச் செய்வேன். தோளைக் குறைப்பது வீட்டில் செய்யக்கூடிய வேலையா? அந்த வெள்ளைச் சட்டைக்கு ஏதாவது வழி உண்டா?

மழைக்காலம்:

காட்டன்தானே, நல்ல கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்கள். என் தம்பியின் புது டீ-சர்ட் ஒன்று அப்படித்தான் ஒரே துவையலில் ஒரு சைஸ் குறைந்தது. தைக்கிற வேலையே மிச்சம்.

ஆடிவீதி_டெய்லர்:

தம்பி, வெந்நீர் வேண்டாம். மேலே சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், பனியன் துணியில் அது நடக்கும். ஆனால் நல்ல காட்டன் சட்டைத் துணியைப் பெரும்பாலும் ஆலையிலேயே சுருங்க வைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அதிலும் உங்கள் மாமா வருஷக்கணக்கில் துவைத்துப் போட்ட சட்டை. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் சுருங்கினாலும் பாவு ஓடுகிற பக்கம், அதாவது நீளத்தில்தான் அதிகம் போகும். உங்களுக்குக் குறைய வேண்டியது அகலம். காலருக்குள்ளும் கஃபுக்குள்ளும் ஒட்டியிருக்கிற கேன்வாஸ் வெந்நீரில் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பினால் அதற்குப் பிறகு அந்தச் சட்டையை ஒன்றும் செய்ய முடியாது.

நான் மதுரைக்காரன். அப்பா புதுமண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற அந்த மண்டபத்தில் அப்போது வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும். இப்போது அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சித்திரைத் திருவிழா வந்தால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடை தைக்கக் கூட்டம் நெரியும். இந்த வருஷம் அண்ணன் போட்ட உடை அடுத்த வருஷம் தம்பிக்கு வரும், அதற்கடுத்து சித்தப்பா மகனுக்குப் போகும். அதனால் அப்பா எதைப் பிடித்தாலும் துணியை உள்ளே மடித்து விடுவாரே தவிர வெட்ட மாட்டார். நான் இன்றைக்கும் ஆல்டரேஷனுக்கு வருகிற துணியில் முடிந்தவரை அப்படித்தான் செய்கிறேன். பக்கத் தையலில் வெட்டிய துணி திரும்பி வராது. நாளைக்கே நீங்கள் ஒரு சுற்று பெருத்தால் என்ன செய்வது?

சரி, உங்கள் சட்டைக்கு வருகிறேன். பெரிய சட்டை என்றதும் எல்லோரும் பக்கவாட்டைத்தான் பிடிக்கிறார்கள். அது சுலபம், பத்து நிமிஷ வேலை. ஆனால் சட்டை நம் உடம்பில் தொங்குவது தோளில். தோள் தப்பாக இருந்தால் கீழே எதைப் பிடித்தாலும் சரியாக உட்காராது. அதனால் என் கடைக்கு யார் பெரிய சட்டை கொண்டுவந்தாலும் முதலில் போடச் சொல்லித் தோள் எலும்பு முடிகிற இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பேன். தையல் அரை இன்ச் தள்ளியிருந்தால் தோளைத் தொட வேண்டாம், பக்கம் மட்டும் பிடித்தால் போதும். ஒரு இன்ச் தள்ளியிருந்தால் கையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒன்றரை இன்ச்சுக்கு மேலே போனால் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உங்களுக்கு 19½-லிருந்து 17½. பக்கத்துக்கு ஒரு இன்ச். செய்யலாம்.

இப்போது நான் சொல்லப்போகிற கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தோள் முனையிலிருந்து ஒரு இன்ச் உள்ளே தள்ளுகிறீர்கள். அக்குளிலும் அதே ஒரு இன்ச் உள்ளே தள்ளுங்கள். அப்போது கைக்குழி, அதாவது உடம்பில் கையை வைத்துத் தைக்கிற வளைவு மொத்தமும் அளவு மாறாமல் அப்படியே உள்ளே நகர்கிறது. கைக்குழியின் சுற்று மாறவில்லை என்றால் பிரித்தெடுத்த பழைய கை அதே இடத்தில் அப்படியே பொருந்தும், கையில் கத்திரியே வைக்க வேண்டாம். அக்குளில் ஒரு இன்ச் என்றால் முன்பாகம் ஒன்று, பின்பாகம் ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு இன்ச் குறையும். 47 போய் 43 ஆகும். 37½ மார்புக்கு 43 சட்டை அலுவலகத்துக்குச் சரியான லூஸ். பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு என்று ஆசைப்பட்டுப் பிடித்தால் அக்குள் மட்டும் உள்ளே போய், தோள் பின்தங்கி, கைக்குழி சின்னதாகிவிடும்.

கை நீளம் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். அதைத் தொடவே தொடாதீர்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தோள் ஒரு இன்ச் உள்ளே போகும்போது கையும் கூடவே ஒரு இன்ச் மேலே ஏறிவிடும். ஒன்றரை இன்ச் நீளம் என்றீர்கள், அரை இன்ச்தான் மிஞ்சும். கஃப் பட்டனைக் கொஞ்சம் தள்ளி இறுக்கமாக வைத்தால் மணிக்கட்டில் நின்றுகொள்ளும்.

இனி செய்முறை. லினனில் ஆரம்பிக்காதீர்கள், அது நழுவும், நூல் உதிரும். ஒரு காட்டன் சட்டையில் தொடங்குங்கள். சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேஜையில் விரியுங்கள். கையைப் பிரிக்கும் முன் கையிலும் உடம்பிலும் சேர்த்து மூன்று இடத்தில் அடையாளம் போட வேண்டும்: தோள் தையலுக்கு நேரே, முன்பக்க நடுவில், பின்பக்க நடுவில். வலது கை எது, இடது கை எது என்று உள்ளே எழுதியும் வையுங்கள். கையின் முன்வளைவும் பின்வளைவும் ஒன்றல்ல. முன்னால் கொஞ்சம் குடைந்திருக்கும், பின்னால் நிரம்பியிருக்கும். மாறிப் போனால் கை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

பிரிப்பதற்கு பிளேடு வேண்டாம். தையல் சாமான் விற்கும் கடையில் சீம் ரிப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்று வீதம் வெட்டிக்கொண்டே போங்கள், மறுபக்கம் நூல் முழுசாக உருவிக்கொண்டு வரும். கை முழுவதையும் கழற்றுங்கள். பிறகு உடம்பின் பக்கத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரியுங்கள். அது இரண்டு வரிசையாக மடித்து அடித்திருப்பார்கள், பொறுமை வேண்டும். கையின் அடித்தையலைப் பிரிக்க வேண்டியதில்லை.

இப்போது சாக் பீஸால் பழைய கைக்குழியிலிருந்து பக்கவாட்டில் ஒரு இன்ச் உள்ளே, அதே வளைவில் கோடு போடுங்கள். அது புதுத் தையல் கோடு. பக்கத்தில் அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரு இன்ச், அங்கிருந்து கீழே வரவர அரை இன்ச்சாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கீழேயும் ஒரு இன்ச் பிடித்தால் உட்காரும்போது தொடையருகே கடைசி பட்டன் பிளக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு பக்கத்தைப் பெரிய ஓட்டமாகக் கைத்தையல் போட்டுச் சேர்த்து, கையையும் அதே மாதிரி ஒட்டி, போட்டுப் பாருங்கள். உள்ளே துணி கசங்கித் திரண்டிருக்கும், அசிங்கமாகத்தான் தெரியும். அதைக் கண்டுகொள்ளாமல் தோள் எங்கே உட்காருகிறது, கையை முன்னால் நீட்டினால் முதுகு பிடிக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். திருப்தி என்றால்தான் கத்திரி. கைக்குழியில் மட்டும் புதுக் கோட்டுக்கு வெளியே அரை இன்ச் விட்டு வெட்டுங்கள், வளைவில் அதிகத் துணி இருந்தால் படியாது. பக்கத் தையலில் வெட்டாமல் உள்ளே மடித்து ஓரம் அடித்து விடுங்கள்.

பாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் குறைந்தாலும் பாக்கெட் இருந்த இடத்திலேயேதான் இருக்கும், அதாவது கைக்குழிக்கு ஒரு இன்ச் நெருங்கிவிடும். 42-ல் அது கண்ணுக்குத் தெரியாது. 44-ஐ 38 ஆக்கினால் பாக்கெட் அக்குளுக்கே போன மாதிரி தெரியும். பிரித்து நகர்த்தலாம் என்றால் பழைய துணியில் பாக்கெட் இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் பளிச்சென்று நிற்கும். அதனால் அந்தப் பட்டைக்கோட்டு 44 சட்டையைக் குறைக்க வேண்டாம். கோடுகள் யோக்கிலும் (தோளுக்கு மேலே வருகிற பட்டி) கையிலும் ஒத்துப்போகவும் செய்யாது. அது சரியாக இருக்கிற உறவுக்காரர் யாருக்காவது மாமாவிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கோவை_புதுவரவு:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. தோளைக் குறைத்தால் கை தானாக ஏறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. 44 சட்டையைப் பெரியப்பா மகனுக்குக் கொடுக்க மாமாவிடம் பேசிவிட்டேன், அவரும் சரி என்றார்.

இரண்டு சந்தேகம். வெள்ளைச் சட்டையில் கை நீளத்தை ஏற்கெனவே குறைத்துவிட்டார்களே, இனி தோளை உள்ளே தள்ளினால் கை குட்டையாகிவிடுமா? இன்னொன்று, கையைத் தூக்கினால் சட்டை ஏறுவது எதனால்? பக்கம் இறுக்கிப் பிடித்ததுதான் காரணம் என்றால் இந்தக் காட்டன் சட்டையிலும் அதே கதி ஆகாதா?

ஆடிவீதி_டெய்லர்:

நல்ல கேள்வி தம்பி. காரணம் கைக்குழியின் ஆழம். 42 சட்டையில் கைக்குழியின் அடி உங்கள் அக்குளுக்கு வெகு கீழே தொங்கும். உடம்பு லூஸாக இருக்கும்வரை தெரியாது, கையைத் தூக்கினால் அந்த லூஸ் ஈடுகொடுக்கும். பக்கத்தை இறுக்கிப் பிடித்ததும் ஈடுகொடுக்கத் துணி இல்லை. கை மேலே போனால் கைக்குழியின் அடி உடம்புத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அக்குளுக்கு நெருக்கமாகக் கைக்குழி இருக்கிற சட்டையில்தான் கை சுகமாக அசையும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள், பெரிய கைக்குழி என்றால் வசதி என்று.

நீங்கள் செய்யப்போகிற சட்டையில் 43 சுற்று இருப்பதால் அவ்வளவு இழுக்காது. இருந்தாலும் கைத்தையல் போட்டுப் பார்க்கும்போது மேலே அலமாரியைத் தொடுகிற மாதிரி கையைத் தூக்கிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் கைக்குழியை மேலே தூக்க ஒரு வழி இருக்கிறது. யோக் பட்டியின் முன்பக்கத் தையலைத் தோள் முனையிலிருந்து கழுத்தை நோக்கிப் பிரியுங்கள். தோள் முனையில் அரை இன்ச் பிடித்து, கழுத்தருகே ஒன்றுமில்லாமல் முடிகிற மாதிரி சாய்வாகத் தையுங்கள். முன்பாகம் அரை இன்ச் மேலே ஏறும், கைக்குழியும் அந்த அளவு குறையும். கைக்குழி அரை இன்ச் குறைந்தால் கையையும் குறைக்க வேண்டும், அடித்தையலில் கால் இன்ச் உள்ளே தள்ளிப் பிடித்து, முழங்கைக்கு வரும்போது பழைய தையலோடு சேர்த்துவிடுங்கள். தோள் சரிவானவர்களுக்கு இது ரொம்பவே நன்றாக உட்காரும். காலரைத் தொட வேண்டிய அவசியமும் வராது.

இனி வெள்ளைச் சட்டை. நீங்கள் பயப்படுவது சரிதான், தோளைத் தள்ளினால் முழுக்கை குட்டையாகும். அதனால் அதை அரைக்கைச் சட்டையாக மாற்றிவிடுங்கள். முழங்கைக்கு மேலே, உங்களுக்குப் பிடித்த இடத்தில் ஒன்றரை இன்ச் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். வெட்டிய கீழ்க்கைத் துண்டுகளை எறியாதீர்கள், அதில்தான் அக்குளுக்கு மருந்து இருக்கிறது. பக்கத் தையலும் கையின் அடித்தையலும் சந்திக்கிற இடத்தில் நான்கு பக்கமும் கொஞ்சம் பிரித்து, அந்தத் துண்டிலிருந்து மூன்று மூன்றரை இன்ச் பக்கமுள்ள சாய்சதுரம் வெட்டி உள்ளே வைத்துத் தையுங்கள். வட இந்தியக் குர்தாக்களில் அக்குளில் சதுரத் துண்டு வைத்திருப்பார்களே, அதே வேலைதான். கையைத் தூக்கும்போது விரிந்து இடம் கொடுக்கும். வெட்டிய பக்கத் துணிக்கு ஈடாக மார்பிலும் கொஞ்சம் சுற்று கிடைக்கும். அதே சட்டையின் துணி என்பதால் வெள்ளை நிறமும் மாறாது. கையைத் தொங்கவிட்டால் வெளியே தெரியவும் தெரியாது.

சாய்சதுரத்தின் நான்கு மூலைகளில் ஊசி துணிக்குள் இருக்கும்படி நிறுத்தி, ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) தூக்கித் துணியைத் திருப்பி, மறுபடி ஓட்டுங்கள். மூலையில் சுருக்கம் விழாமல் வர அது ஒன்றே வழி. கால் மெஷினில் இது வசதி, கையால் சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலாகப் போகலாம்.

செம்பருத்தி_திருச்சி:

தம்பி, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆன்லைனில் வாங்கிய குர்தி பெரிதாக வந்துவிட்டது என்று இங்கே நிறையப் பேர் கேட்பதால் இந்தப் பதிவிலேயே எழுதுகிறேன். நான் வீட்டில் என் மகள்களுக்கும் நாத்தனாருக்கும் பிடித்துக் கொடுப்பவள்.

குர்தியில் யோக் பட்டி கிடையாது, தோளில் ஒரே தையல்தான். அதனால் அண்ணா சொன்ன வேலை இதில் இன்னும் சுலபம். கழுத்து அகண்டு இறங்கி நின்றால் பலரும் முன்னால் ஒரு மடிப்புப் பிடித்துவிடுகிறார்கள், அது நெஞ்சில் துருத்திக்கொண்டு நிற்கும். தோள் தையலைப் பிரித்து, முன்னும் பின்னும் சேர்த்து அரை இன்ச் மேலே தூக்கித் தைத்தால் கழுத்து ஆழமும் குறையும், கைக்குழியும் அக்குளுக்கு ஏறும், நெஞ்சு டாட் (உடம்பு வளைவுக்காக முனை குறுகிப் பிடிக்கிற மடிப்பு) இருந்தால் அதுவும் தன் இடத்துக்கு வரும். ஒரே தையலில் மூன்று குறை தீர்கிறது. கழுத்து ஓரத்தில் பைப்பிங் இருந்தால் அதைத் தோளருகே இரண்டு இன்ச் பிரித்து மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

பக்கம் பிடிக்கும்போது சைடு ஓப்பன் தொடங்குகிற இடத்துக்கு ஒன்றரை இன்ச் மேலேயே பழைய தையலில் வந்து சேர்ந்துவிடுங்கள். அதற்குக் கீழே பிடித்தால் ஓப்பன் மேலே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், இடுப்பில் ஏறும். ரேயான் துணி என்றால் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகுதான் அளவே எடுக்க வேண்டும். ரேயான் சுருங்குகிற மாதிரி காட்டன்கூடச் சுருங்காது. துவைக்காமல் பிடித்துவிட்டு அப்புறம் அழுது பயனில்லை.

பனியன்நகரம்:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். யாராவது இதே முறையில் டீ-சர்ட்டைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பனியன் துணி பின்னல் துணி. சாதாரண ஊசி இழையைக் குத்தி அறுத்துவிடும், கொஞ்ச நாளில் தையல் ஓரமாகப் பொத்தல் பொத்தலாக ஓடும். முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி கேட்டு வாங்குங்கள். நேர்த்தையல் மட்டும் போட்டால் தலை வழியாக மாட்டும்போது பட்பட்டென்று நூல் அறுந்துவிடும், துணி இழுபடும், நூல் இழுபடாது அல்லவா. ஓவர்லாக் இருக்கிற கடையில் கொடுத்து அடிப்பதுதான் நல்லது.

கோவை_புதுவரவு:

அண்ணா, நீலக் காட்டன் சட்டையில் ஆரம்பித்துவிட்டேன். கைத்தையல் போட்டுப் போட்டுப் பார்த்ததில் தோள் எலும்பு முனையில் கச்சிதமாக நிற்கிறது. கையைத் தூக்கினால் கொஞ்சம்தான் ஏறுகிறது, அதனால் யோக்கைத் தொடவில்லை. அம்மா பார்த்துவிட்டு மாமாவுக்கு போட்டோ அனுப்பினார்கள்.

ஆனால் மெஷினில் ஓட்டும்போது ஒரு சிக்கல். கையைக் கைக்குழியில் வைத்துத் தைத்தால் முடிவில் கையின் துணி கொஞ்சம் மிஞ்சிப்போய், பின்பக்கம் அக்குளருகே ஒரு மடிப்பாக விழுகிறது. சுற்றளவு ஒன்றுதான், அளந்து பார்த்துவிட்டேன். முதுகுப்பக்கம் இடுப்பருகே இன்னும் பை மாதிரி இருப்பதற்கும் ஏதாவது செய்யலாமா?

ஆடிவீதி_டெய்லர்:

மிஞ்சுவது துணியின் குற்றமில்லை தம்பி, எதை மேலே வைத்துத் தைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. மெஷினில் கீழே இருக்கிற பல், அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இழுக்கும். மேலே இருக்கிற துணியை ஃபுட் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். நீங்கள் உடம்பைக் கீழேயும் கையை மேலேயும் வைத்து ஓட்டியிருப்பீர்கள். மாற்றி, கையைக் கீழே வையுங்கள், உடம்பு மேலே வரட்டும். தோள், முன், பின் என்று போட்ட மூன்று அடையாளத்திலும் அக்குளிலும் குண்டூசி குத்திக்கொண்டு, அக்குளில் ஆரம்பிக்காமல் தோளிலிருந்து முன்பக்கமாக ஒருமுறை, மறுபடி தோளிலிருந்து பின்பக்கமாக ஒருமுறை என்று இரண்டாகத் தையுங்கள். மிச்சம் ஏதாவது வந்தால் அக்குளில் வந்து சேரும், அங்கே கண்ணுக்குத் தெரியாது. இந்த மெல்லிய காட்டனுக்கு 11-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். 16 போட்டிருந்தால் அதுவும் துணியைத் தள்ளும், அது ஜீன்ஸுக்கு.

முதுகுப் பைக்கு இரண்டு டாட் போதும். சட்டையைத் திருப்பிப் போட்டு, முதுகெலும்புக்கு இருபுறமும் நான்கு இன்ச் தள்ளி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, இடுப்பில் கால் இன்ச் ஆழம் வந்து, பேண்ட்டின் பின்பக்கப் பாக்கெட் உயரத்தில் ஒன்றுமில்லாமல் முடிகிற மாதிரி நீளமாகப் பிடியுங்கள். மடிப்பில் கால் இன்ச் என்றால் ஒரு டாட்டுக்கு அரை இன்ச், இரண்டுக்கும் ஒரு இன்ச் போகும். அதற்கு மேல் முதல் தடவை பிடிக்காதீர்கள். இரண்டு முனையிலும் மெஷினில் முன்பின் ஓட்டாமல் நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போட்டால் முனையில் குமிழ் விழாது. லினன் இரண்டுக்கும் டாட் போட்டபின் மடிப்பை முதுகின் நடுப்பக்கமாகச் சாய்த்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி வையுங்கள்.